கறுப்பு டேப் ஒட்டிய பொத்தான்

எனக்குக் கை சும்மா இருக்காது. கால் அதைவிட மோசம். கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்குப் போகும் மின்சார ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தாலும் பொன்னேரி வருவதற்குள் எழுந்து கதவருகே போய் நின்றுவிட்டு வருவேன். உட்கார்ந்திருக்கும் நேரத்தில் தொடைமேல் விரல்கள் ஓடிக்கொண்டே இருக்கும். ஒருநாள் எதிரில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா என் கையையே வெகுநேரம் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, நரம்புத் தளர்ச்சியா? எங்க ஊட்டுக்காரருக்கும் இப்டித்தான் ஆரம்பிச்சுது" என்றார். கீபோர்டு வாசிக்கிறேன், அதற்குப் பயிற்சி என்றேன். "கம்ப்யூட்டரா?" என்றார். இல்லை, பாட்டு வாசிக்கிற கீபோர்டு என்றேன். "அதுக்குக் கூடவா காலேஜு?" என்றார். அவர் குரலில் கிண்டல் இல்லை, நிஜமான ஆச்சரியம்தான் இருந்தது. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. மீஞ்சூர் போகும்வரை அவர் முகத்தைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கும் காலேஜ்தான். சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தின் இசைத் துறையில் கீபோர்டையும் இசைத் தொழில்நுட்பத்தையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்கும் பட்டப்படிப்பு. என் நைனாவுக்கு சிப்காட்டில் ஓர் இரும்புக் கம்பெனியில் ஷிப்டு வேலை. எங்கள் பக்கம் ஆந்திர எல்லை கூப்பிடு தூரம் என்பதால் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். படிப்பின் பெயரைக் கேட்டுவிட்டு நைனா, "முடிச்சா இன்னா வேலை?" என்றார். எனக்கே தெரியாது. "ஸ்டூடியோவுல" என்றேன். "போட்டோ ஸ்டூடியோவா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். தடுக்கவும் இல்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. அந்த வகையில் அவர் தங்கம்.

நான் கீபோர்டைப் பிடித்தது ஜெபக்கூடத்தில். சிப்காட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கூடம். இரவு ஷிப்டு முடித்து யூனிபார்மோடு வந்து பாயில் உட்கார்ந்து, பிரசங்கத்தில் தூங்கி, பாட்டுக்கு மட்டும் எழுந்துகொள்ளும் ஜனங்கள். பாட்டைத் தொடங்குவது பாஸ்டரம்மா. கண்ணை மூடிக்கொண்டு தொடங்கிவிடுவார். எந்தச் சுருதியில் தொடங்குவார் என்பது அவருக்கே தெரியாது. கீபோர்டுக்காரி குறுக்கே புகுந்து சுருதி கேட்க முடியாது, அவர் ஆண்டவரோடு பேசிக்கொண்டிருக்கிறார். முதல் அடி முடிவதற்குள் நாம்தான் ஓடிப்போய் அவரைப் பிடிக்க வேண்டும்.

அதற்குத்தான் டிரான்ஸ்போஸ் பொத்தான். அதை ஒரு தட்டுத் தட்டினால் மொத்தக் கீபோர்டின் சுருதியும் அரைக் கட்டை ஏறும், அல்லது இறங்கும். எங்கள் பக்கத்தில் கல்யாணக் கச்சேரிக்காரர்களும் ஜெபக்கூடத்துப் பிள்ளைகளும் எல்லாருமே இப்படித்தான். வலது கை எந்தப் பாட்டாக இருந்தாலும் பழகிய வெள்ளை கீக்களிலேயே வாசிக்கும். ஏற்றி இறக்கும் வேலையை இடது கை பொத்தானில் பார்த்துக்கொள்ளும். பாஸ்டரம்மாவின் முதல் வார்த்தை வெளியே வந்ததும் என் இடது கை டக் டக்கென்று நாலைந்து தட்டுத் தட்டும், இரண்டாம் அடியில் நான் அவரோடு சேர்ந்திருப்பேன். "கில்லாடிப்பா இந்தப் பொண்ணு" என்பார்கள். எனக்குத் தலை கனத்துத்தான் போயிருந்தது. ஏன் கனக்காது?

பல்கலைக்கழகத்தில் அந்தக் கனம் ஒரே வாரத்தில் இறங்கியது. எங்களுக்குக் கீபோர்டு எடுத்த மேடம் வயதில் சின்னவர், பேச்சில் கறார். "டிரான்ஸ்போஸ் இல்லாம வாசிங்க" என்றார். இரண்டு கட்டையில் வாசிக்கச் சொன்னார். என் விரல்கள் கறுப்பு கீக்களின் மேல் போய், வேற்றூரில் பஸ் மாறி இறங்கியவள்போல முழித்தன. அன்றிலிருந்து மேடம் பார்க்காத நேரத்தில் பொத்தானைத் தட்டிவிட்டு, பார்க்கும் நேரத்தில் கஷ்டப்படுவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு வாசித்தேன். காதால் கேட்டு எனக்குப் பிடிக்க முடிகிறது, கையால் போகத்தான் முடியவில்லை. பொத்தான் இருக்கும்போது கை எதற்குப் போக வேண்டும் என்று எரிச்சலாக வந்தது. ஏணி இருக்கும்போது மரத்தில் ஏறிக் காட்டச் சொல்வதுபோல இருந்தது.

இரண்டாம் வருடத்தில் செய்முறைத் தேர்வுக்கு ஜோடி போட்டார்கள். பாட ஒருவர், கீபோர்டுக்கு ஒருவர். பாட்டு சொந்தமாக இருக்க வேண்டும். தாளமும் வயலின் கூட்டமும் முன்பே பதிவுசெய்து கம்ப்யூட்டரில் ட்ராக்காக இருக்கும். கீபோர்டுக்காரர் சரியான இடத்தில் அதை ஓடவிட்டு அதன்மேல் நேரடியாக வாசிக்க வேண்டும். ஒருவர் சொதப்பினால் இருவருக்கும் மதிப்பெண் போகும்.

எனக்கு ஜோடியாக வந்தவன் திருவள்ளூர் மணவாள நகரிலிருந்து வருகிறவன். அவனுடைய ரயிலும் என்னுடைய ரயிலும் சென்ட்ரலுக்குப் பக்கத்திலுள்ள புறநகர் நிலையத்தில் வந்து நிற்கும். அங்கிருந்து சேர்ந்து பஸ் பிடிப்போம். அவன் அப்பாவுக்குக் கோயிலில் பிரபந்தம் சேவிக்கும் கைங்கரியம், அதாவது பெருமாள் முன்னால் கோஷ்டியாக நின்று பாசுரம் சொல்வது. இவனும் பேச்சு வந்த நாளிலிருந்து அந்தக் கோஷ்டியில் நின்றவன். கல்லூரிக்கு வந்ததும் 'இன்னா', 'வந்துக்கினு' என்று எங்களைவிட அதிகமாகப் பேசுவான். ஒரு ரூபாய் போனில் வீட்டுக்குப் பேசினால் நொடியில் பாஷை மாறும். "சாமி, நீ மட்டும் வாயில டிரான்ஸ்போஸ் வெச்சிக்கினு எங்கள திட்டாத" என்பேன். அவன் என்னை மாஸ்டர் என்று கூப்பிடுவான். முதலில் கிண்டலாகத்தான். பிறகு அதுவே பெயராகிவிட்டது.

அவன் குரலுக்கு ரெண்டரைக் கட்டை. அதற்கு அவனுக்குச் சுருதிப்பெட்டி வேண்டாம். தூக்கத்தில் எழுப்பினாலும் ரெண்டரையில்தான் இருமுவான் என்று சொல்வேன். கோஷ்டியில் பின்னால் எந்த வாத்தியமும் கிடையாதாம், சுருதி உடம்பிலேயே இருக்க வேண்டுமாம். "ஒருத்தன் மூச்சு வாங்கனா பக்கத்துல இருக்கறவன் இட்டுக்கினு போவான் மாஸ்டர். கேக்கறவனுக்கு எங்க விட்டான், எங்க புட்சான்னே தெரியாது. தனியா சேவிக்கறதுன்னு ஒண்ணு கெடையவே கெடையாது" என்றான் ஒருமுறை பஸ்ஸில் தொங்கிக்கொண்டே. எனக்கு அப்போது அதைக் கேட்கப் பொறுமை இல்லை. நடத்துநர் சில்லறை கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வருட நடுவில் வந்த உள்மதிப்பீட்டில் நாங்கள் கவிழ்ந்தோம். ட்ராக்கை வீட்டில் அவனுடைய ரெண்டரைக்குப் பொத்தானை ஏற்றி வைத்துக்கொண்டு பதிவு செய்திருந்தேன். ஆய்வகத்துக் கீபோர்டிலும் மேடம் திரும்பிய நேரத்தில் அதே அளவுக்கு ஏற்றிவிட்டு, தயாராக நின்றேன். எங்கள் முறை வருவதற்குச் சற்றுமுன் கரண்ட் கண்சிமிட்டுவதுபோல் ஒரு தடவை போய் வந்தது. கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ் இருந்தது. கீபோர்டுக்கு இல்லை. கரண்ட் போய் வந்தால் கீபோர்டு எல்லாவற்றையும் மறந்து தன் இயல்பான சுருதியான ஒரு கட்டைக்குத் திரும்பிவிடும். ஜெபக்கூடத்தில் இது பலமுறை நடந்திருக்கிறது, எனக்குத் தெரியாததல்ல. ஆனால் கால் ஆடிக்கொண்டிருந்தது, மனம் எங்கோ ஓடிக்கொண்டிருந்தது, கீபோர்டின் சின்னத் திரையைப் பார்க்கவில்லை. ட்ராக் ரெண்டரையில் ஓட, அவன் ரெண்டரையில் பாட, நான் வெள்ளை கீக்களில் ஒரு கட்டையில் கம்பீரமாக வந்து இறங்கினேன். பாத்திரக்கடை அலமாரி சாய்ந்ததுபோல இருந்தது. வகுப்பே சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. எழுந்து போய் எலெக்ட்ரீஷியன் வைத்திருந்த கறுப்பு இன்சுலேஷன் டேப்பை வாங்கிவந்து, பொத்தானின் மேல் நாலு அடுக்காக ஒட்டினார். "செமஸ்டர் பரீட்சைக்கும் இது இப்படியேதான் இருக்கும்" என்றார்.

அன்று பஸ்ஸில் நான் கரண்ட்டைத் திட்டினேன், டேப்பைத் திட்டினேன், மேடத்தின் ஏழு தலைமுறையைத் திட்டினேன். நிலையத்தில் இறங்கியதும் அவன் சொன்னான்: "எங்கப்பா ஒண்ணு சொல்லியிருக்காரு. அரியர் வெச்சா அன்னிக்கே டி.சி. வாங்கிக்கினு வந்து கோஷ்டியில நிக்கணும். உள்மதிப்பீடு போச்சு. செமஸ்டர்ல விட்டா அவ்ளோதான் மாஸ்டர்." கோஷ்டி அவனுக்குப் பிடிக்காமல் இல்லை. ஆனால் அவன் சொந்தமாகப் பாட்டு எழுத ஆரம்பித்திருந்தான். எண்ணூர்ப் பக்கத்து உப்பளத்தில் மழை பிடித்துக்கொள்வதைப் பற்றி அவன் எழுதியதற்குத்தான் நான் மெட்டுப் போட்டிருந்தேன். அதை ஊரில் எங்கே போய்ப் பாடுவான்? எப்போதும்போல வருத்தத்தைக் கோபமாக மாற்றி, "போ சாமி, உன் ரயிலு கெளம்புது பாரு" என்று விரட்டினேன்.

அதன்பின் நான் ரெண்டரைக் கட்டையை வெறும் கையால் கற்க உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்று சொல்வதே பொய். பாதி நேரம் நடந்துகொண்டிருந்தேன். அந்த வருடங்களில் எங்கள் பக்கம் மின்வெட்டு வெளுத்துக்கட்டிக்கொண்டிருந்தது. வள்ளூரில் புதிதாக அனல்மின் நிலையம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டிலோ விசிறிகூடச் சுற்றவில்லை. கல்லூரியிலிருந்து நான் வந்து கீபோர்டைத் திறக்கும் நேரத்துக்குச் சரியாகக் கரண்ட் போகும். முதலில் மூடி வைத்துவிட்டு வாசலுக்கும் கொல்லைக்கும் அலைந்தேன். பிறகு பொறுக்காமல் செத்த கீபோர்டிலேயே விரல்களை ஓடவிட்டேன்.

சத்தமே வராத கீபோர்டை வாசித்துப் பார்த்திருக்கிறீர்களா? பைத்தியம் பிடிக்கும். கறுப்பு கீயின் விளிம்பு விரலில் இடறுவது மட்டும் தெரியும். அழுத்தியது சரியா தப்பா என்று சொல்ல ஆள் கிடையாது. நானே மனசுக்குள் பாடிக்கொண்டு, அவன் குரலை நினைத்துக்கொண்டு, அந்த இடத்துக்குக் கை போயிற்றா என்று கண்ணால் பார்க்க வேண்டும். கரண்ட் இல்லாத கீபோர்டில் டிரான்ஸ்போஸும் இல்லை. பழக்கதோஷத்தில் இடது கை பொத்தானுக்குப் போகும், தட்டும், ஒன்றும் நடக்காது, திரும்பி வரும். இரவு ஷிப்டு முடித்து வந்து பகலில் தூங்கிய நைனா ஒருநாள் எழுந்துவந்து, "இன்னாடா இது, பாட்டும் காணோம், டக்கு டக்குன்னு எலி பறண்டற மாதிரி... பேஜாரா கீது" என்றார். "பரீட்சை நைனா" என்றேன். அவர் திரும்பிப் போய், காதுமேல் தலையணையை வைத்துக்கொண்டு படுத்தார். மறுநாளும் தலையணையோடுதான் படுத்தார்.

ஒருவழியாக ரெண்டரை என் கைக்கு வந்தது. எப்போது வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு சாயங்காலம் நான் வாசித்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் வந்தது. பாட்டு நடுவிலிருந்து, சரியான இடத்தில், சத்தமாகப் புறப்பட்டது. எனக்கே தூக்கிவாரிப்போட்டது. அம்மா அடுக்களையிலிருந்து "யாரு, ரேடியோவா?" என்றாள்.

பரீட்சை நாளில் புறநகர் நிலையத்தில் அவன் வழக்கமான தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். கழுத்தில் துண்டு. "நாஷ்டா ஆச்சா சாமி?" என்றேன். பதில் சொல்ல வாயைத் திறந்தான். வந்தது அவன் குரலே இல்லை. ஊரில் உற்சவமாம். முந்தைய நாள் முழுக்கக் கோஷ்டி, வீதி சுற்றி வந்திருக்கிறார்கள். நாளைக்குப் பரீட்சை என்று சொல்லியும் அப்பா விடவில்லையாம், பெருமாள் பார்த்துக்கொள்வார் என்றாராம். "மேல போகலப்பா. சரணம் நிச்சயமா கிழிஞ்சிரும். ஒண்ணரைக்கு எறக்கிக்கலாமா மாஸ்டர்?" என்றான்.

பாடுகிறவர்கள் எங்களிடம் தினமும் கேட்கிற சாதாரணக் கோரிக்கை அது. தொண்டை சரியில்லை, கொஞ்சம் இறக்கிக்கொள். எந்தக் கீபோர்டுக்காரரும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வெற்றிலை போடப் போய்விடுவார். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது: "அதுக்கின்னா, எறக்கிக்கலாம்." சொன்ன பிறகுதான் கறுப்பு டேப் ஞாபகம் வந்தது.

துறைக்குப் போனதும் ஆய்வக உதவியாளரிடம் சொன்னோம். அவர் மவுஸை இரண்டு தடவை நகர்த்தி ட்ராக்கை ஒன்றரைக்கு இறக்கிச் சேமித்தார். கம்ப்யூட்டருக்கு எல்லாச் சுருதியும் ஒன்றுதான். எனக்கு ரெண்டரை சொந்த ஊர் என்றால் ஒன்றரை முகவரி தெரியாத இடம். ஐந்து கறுப்பு கீயும் வந்து வரிசையாக நிற்கும், வெள்ளைக்கு அங்கே வேலை குறைவு. வராந்தாவின் ஜன்னல் கட்டையைக் கீபோர்டாக நினைத்துக்கொண்டு வாசித்துப் பார்த்தேன். பல்லவி ஒருமாதிரி வந்தது. சரணம் தடுமாறி வந்தது. சரணத்துக்கு முன்னால் வரும் இடையிசையில் விரல்கள் முட்டிக்கொண்டன. திரும்ப முதலிலிருந்து. திரும்பவும் முட்டல். விரல்களை உதறிவிட்டு மறுபடி வைத்தேன். இவன் டி.சி. வாங்கிக்கொண்டு ரயிலேறிப் போகப்போகிறான், என் கையால் போகப்போகிறான் என்பது தவிர வேறு எதுவும் மண்டைக்குள் நிற்கவில்லை. அழுகை வந்துவிடும்போல இருந்தது. அவன் வராந்தாவின் அந்தக் கோடியில் பிளாஸ்கிலிருந்து வெந்நீர் குடித்துக்கொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

எங்களைக் கூப்பிட்டார்கள். அறையில் மேடமும், வெளியிலிருந்து வந்த தேர்வாளரான ஒரு நரைத்த தலைக்காரரும் உட்கார்ந்திருந்தார்கள். கீபோர்டின் இடது ஓரத்தில் டேப் அப்படியே இருந்தது. நான் விரல்களை ஒன்றரைக் கட்டையின் இடத்தில் வைத்துக்கொண்டேன். எங்கள் பாட்டு விருத்தமாகத் தொடங்கும். வாத்தியமே இல்லாமல் அவன் மட்டும் நாலு வரி இழுத்துப் பாடுவான். அது முடியும் இடத்தில் நான் ட்ராக்கை ஓடவிட்டுச் சேர வேண்டும். சுருதிக்கு ஒரு நோட்டுக் கொடுக்கட்டுமா என்பதுபோல அவனைப் பார்த்தேன். வேண்டாம் என்று தலையசைத்தான். கண்ணை மூடினான். தொடங்கினான்.

முதல் எழுத்திலேயே தெரிந்துவிட்டது. ரெண்டரை.

என் இடது கை தானாகப் பறந்து பொத்தானுக்குப் போனது. நகம் டேப்பில் கீறி வழுக்கியது. அப்புறம்தான் மூளை வந்து சேர்ந்தது. கம்ப்யூட்டரில் ட்ராக் ஒன்றரையில் காத்திருக்கிறது. இவன் ரெண்டரையில் பாடிக்கொண்டிருக்கிறான். மறந்துவிட்டானா? இவன் மறக்கிற ஆள் இல்லை. எனக்காக ஏற்றியிருக்கிறான். கிழிந்த தொண்டையோடு, டி.சி. தலைக்குமேல் தொங்கும்போது, என் விரல்களுக்கு வழி தெரிந்த ஊருக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போகிறான். எழுந்துபோய் அவன் முதுகில் ஒன்று வைக்க வேண்டும்போல அப்படியொரு கோபம் வந்தது எனக்கு. கண்ணும் கலங்கியது. இரண்டுக்கும் நேரம் இல்லை. விருத்தம் கடைசி வரிக்கு வந்துவிட்டது.

ட்ராக்கை ஓடவிட்டால் மறுபடியும் பாத்திரக்கடை. விடவில்லை. ரெண்டரையில் இரண்டு கையையும் இறக்கினேன். தாளம் இல்லை, வயலின் இல்லை, வெறும் கீபோர்டும் அவனும். செத்த கீபோர்டில் சாயங்காலம் சாயங்காலமாக ஓட்டிய விரல்கள் தடங்கலில்லாமல் போயின. தேர்வாளர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தாளில் ஏதோ எழுதினார். எழுதட்டும். நான் அவன் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பல்லவி முடிவதற்குள்ளேயே மேலே ஒரு கீறல் விழுந்தது. அனுபல்லவியில் இன்னொன்று. துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். சரணத்தின் உச்சி இன்னும் வரவில்லை. ரெண்டரையில் அதைத் தொட்டால் குரல் உடையும். அவனுக்கும் அது தெரியும்.

ஜெபக்கூடத்தில் பாஸ்டரம்மா சிலநாள் உயரத்தில் தொடங்கிவிட்டு, சரணம் எட்டாமல், நடுவில் தானாகவே இறங்கிவிடுவார். யாரிடமும் சொல்லமாட்டார். ஜனங்களும் இறங்குவார்கள், நானும் பொத்தானோடு இறங்குவேன். அவர் இறங்குவதும் நாங்கள் பின்னால் போவதும்தான் வழக்கம். கீபோர்டு முதலில் இறங்கிப் பாடுகிறவனை அழைத்துப்போய்ப் பார்த்ததில்லை. ஆனால் வேறு வழி தெரியவில்லை. இடையிசை வந்தது. ரெண்டரையில் தொடங்கி, பாதியில் இடது கையை ஒவ்வொரு படியாகக் கீழே இறக்கினேன். ஜன்னல் கட்டையில் முட்டிக்கொண்ட அதே இடம். இப்போதும் ஒரு விரல் முட்டியது. முட்டட்டும் என்று விட்டுவிட்டு அடுத்ததைப் பிடித்தேன். ஒன்றரையில் வந்து நின்றேன். அவன் காதில் விழவேண்டும் என்று கடைசி வாக்கியத்தை இரண்டாம் முறையும் வாசித்தேன். வலது கையால் வாசித்துக்கொண்டே இடது கையால் ட்ராக்கைச் சரணத்தின் தொடக்கத்துக்கு நகர்த்தி ஓடவிட்டேன்.

தாளம் வந்தது. வயலின்கள் வந்தன. ஒட்டின. அவன் திரும்பி என்னைப் பார்த்தான். பாட வேண்டிய இடம் இன்னும் ஒரு மூச்சு தூரத்தில்தான் இருந்தது. பிடிக்காவிட்டால் முடிந்தது கதை. பிடித்தான். கோஷ்டியில் பக்கத்து ஆள் விட்ட இடத்தைப் பிடிப்பதுபோல, சரணத்தின் முதல் சொல்லை ஒன்றரையில் வைத்தான். உப்பளத்தில் மழை இறங்குகிற இடம் அது. உச்சியைத் தொட்டபோது குரல் கரகரத்தது, ஆனால் உடையவில்லை.

முடிந்ததும் தேர்வாளர் கேட்டார்: "சரணத்துல அப்படியே கீழ எறக்குனீங்களே, அது யாரு யோசனை?" நான் அவனைக் கை காட்டினேன். அவன் என்னைக் கை காட்டினான். "முதல் பாதியில ட்ராக் ஏன் இல்ல?" என்றார். "வேணும்னேதான் சார்" என்றேன், கூசாமல். மேடத்துக்குத் தெரியாமல் இருந்திருக்க வாய்ப்பில்லை. டேப்பில் விழுந்திருந்த கீறலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அடுத்த ஜோடியைக் கூப்பிட்டார்.

மாடிப்படியில் நான் பிடித்துக்கொண்டேன். "அறிவு கீதா உனக்கு? ஒண்ணரைன்னுதானே பேசினோம்?"

"நீ ஜன்னலாண்ட நின்னுகினு அழுதுக்கினு இருந்த."

"நான் எங்க அழுதேன்?"

"கை அழுதுச்சு. ரெண்டரைன்னா ட்ராக்கு இல்லாமலே நீ கண்ண மூடிக்கினு வாசிப்ப. அதான்."

"தொண்ட கிழிஞ்சிருந்தா?"

"கிழிஞ்சா கிழியுது. ஒரு பாட்டுதானே."

"ஒரு பாட்டா? உன் படிப்பு சாமி அது! உன் படிப்பு!" என்று கத்தினேன். படியில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவன் பிளாஸ்கின் மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடிக்கொண்டிருந்தான். அன்று பஸ்ஸில் ஏறியும் சண்டை ஓயவில்லை. நிலையத்தில் அவரவர் ரயிலைப் பார்த்து நடந்தபோதும் நான் தலையைத் திருப்பி ஏதோ திட்டினேன்.

முடிவுகள் துறை அறிவிப்புப் பலகையில் வந்தன. எனக்கு ட்ராக் தாமதமாக வந்ததற்கு வெட்டியிருந்தார்கள். பாஸ்தான், பெருமைப்பட ஒன்றுமில்லை. அவனும் பாஸ். தள்ளுமுள்ளுக்கு நடுவே தன் எண்ணை விரலால் தடவித் தடவிப் பார்த்தான். பிறகு வாசலிலிருந்த டீக்கடையின் ஒரு ரூபாய் போனுக்கு ஓடினான். நானும் பின்னால் போனேன். நிற்க முடியாமல் கடை பெஞ்சில் உட்கார்ந்தேன், உட்கார முடியாமல் எழுந்தேன்.

"அப்பா, நான்தான். பாஸ் ஆயிடுத்துப்பா" என்றான். பாஷை மாறிவிட்டது. அந்தப் பக்கத்திலிருந்து நீளமாக ஏதோ பேசினார்கள். இவன் உம் உம் என்றான். அடுத்த வருடமும் போகலாம் என்று அவர் சொன்னது இவன் முகத்திலேயே தெரிந்தது. பிறகு அவர் ஏதோ கேட்டார். அந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு எப்படித் தனியாகச் சமாளித்தாய் என்றுதான் கேட்டிருக்க வேண்டும். ஏனென்றால் இவன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, போனை வாயருகில் வைத்துச் சொன்னான்:

"தனியாப் பாடலப்பா. கோஷ்டியாத்தான். ரெண்டு பேர்."

நான் டீக்கடைக்காரரிடம் இரண்டு டீ சொன்னேன். கண்ணாடித் தம்ளர் வந்ததும் அதன் விளிம்பில் என் விரல்கள் ஓட ஆரம்பித்தன. ரெண்டரையில் தொடங்கி, பாதியில் இறங்கி, ஒன்றரைக்கு வந்தன. டீ ஆறும்வரை அதையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன்.